நான் கையெழுத்திட்டு ஒப்படைத்தவர்

போன மாதம் விழுப்புரத்தில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உதவி ஆய்வாளர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் ஒரு சால்வை போர்த்தி, பத்து நிமிடம் கொடுத்து, ஒன்பதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அன்றும் அப்படித்தான். நான் முடிக்கப் போகும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், லாக்கப்புல இருக்கிற ஒருத்தர, 'எங்ககிட்ட குடுத்துடு, நாங்க பாத்துக்கறோம்'னு பெரிய எடத்துலர்ந்து வந்து கேட்டா நான் இன்னா பண்றதுங்க?"

நான் சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திண்டிவனத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை நான் எந்தப் பிரிவைப் படித்தும் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதரைத் தவறாக ஒப்படைத்துத் தெரிந்துகொண்டேன். அதைப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது. அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன், அந்தப் பெண்ணுக்கும் அவளோடு வேலைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கெடார். முதலில் வேலை பார்த்தது கோட்டக்குப்பத்தில். அங்கே சாலையின் ஒரு பக்கம் நம் எல்லை, மறுபக்கம் புதுச்சேரி. இந்தப் பக்கக் கடையில் பீடி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து பற்றவைப்பவன் எந்த ஸ்டேஷனுக்குச் சொந்தம் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். எல்லை என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது.

நாற்பத்தொரு வயதில் வெளிநாட்டுக் கண்காணிப்புப் பணிக்குத் தேர்வானேன். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாட்டின் படை, பக்கத்து நாட்டின் ஒரு மாவட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. சண்டை ஓய்ந்திருந்தது, படை மட்டும் போகவில்லை. பல நாடுகளிலிருந்து எங்களைப் போன்ற போலீஸாரைக் கூட்டி, அந்த மாவட்டத்தின் ஸ்டேஷன்களில் உட்காரவைத்தார்கள். எங்களுக்குத் துப்பாக்கி கிடையாது. யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. பிடிபட்டவர்கள் முறையாக நடத்தப்படுகிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

போன முதல் வாரம் வகுப்பு எடுத்தார்கள். படை வந்து உட்கார்ந்துவிட்டதால் அந்த ஊரின் சட்டம் செத்துவிடாது. பழைய சட்டமே நடக்கும், பழைய நீதிமன்றமே விசாரிக்கும், பழைய போலீஸே வேலை பார்க்கும். படைக்குத் தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள அதிகாரம் உண்டு. ஊரில் நடக்கும் திருட்டையும் அடிதடியையும் தன் கையில் எடுத்துக்கொள்ள அதிகாரம் கிடையாது. மற்ற நாட்டுக்காரர்கள் இதைக் கஷ்டப்பட்டுக் குறித்துக்கொண்டார்கள். எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய் இத்தனை காலம் ஆகியும், புதுச்சேரியில் சில குடும்பங்களுக்குச் சொத்து விஷயத்தில் பழைய பிரெஞ்சுச் சட்டம்தான் என்று கோட்டக்குப்பத்திலேயே கேட்டவள் நான். ஆள்கிறவர் மாறினாலும் சட்டம் நிற்கும் என்பது எனக்குப் பழகிய சேதி. புரிந்துவிட்டது என்று நினைத்ததுதான் பிறகு என் காலை வாரியது.

எனக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். அங்கே போய் இறங்கிய இரண்டாம் நாள் எங்கள் கேன்டீனில் என் பின்னாலிருந்து ஒரு குரல், "மேடம், சாம்பார்னு ஒண்ணு பண்ணிக்கீறேன், துன்னு பாத்துட்டு திட்டுங்க" என்றது. திரும்பிப் பார்த்தால் கோட்டக்குப்பத்துக்காரர். சுல்தான் பாய். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து வியாபாரமாக இந்த ஊருக்கு வந்து, பன்னிரண்டு வருடமாக இங்கேயே தங்கிவிட்டவர். ஊர்ப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் போனதும் பாயையே எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அந்த ஊரில் நான் கேட்ட அத்தனை பேச்சும் கோட்டக்குப்பத்துத் தமிழில்தான் என் நினைவில் இருக்கிறது. அந்த ஊர் நீதிபதியம்மா இன்றும் என் மனதில் "இன்னா மேடம்" என்றுதான் பேசுகிறார்.

நீதிபதியம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். குள்ளமான உருவம், மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. கோர்ட் கட்டடத்தைப் படை எடுத்துக்கொண்டது. அந்த அம்மா ஒரு நாள்கூட விடாமல், பள்ளிக்கூடத்தின் பாட்டு வகுப்பு அறையில் கோர்ட் நடத்தினார். குழந்தைகளுக்கான பெஞ்சில் வக்கீல்கள் முழங்காலை நெஞ்சுக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்டேஷன் பொறுப்பில் இருந்தவர் நம்மூர்க் கணக்கில் ஏட்டு. பழைய அரசாங்கத்தின் சின்னத்தைச் சட்டையிலிருந்து பிய்த்தெறியச் சொல்லியிருந்தார்கள். பிய்த்த இடத்தில் துணி நிறம் மாறித் தெரியும். பேசும்போது கை தானாக அங்கே போய் மறைத்துக்கொள்ளும்.

நான் போய் ஐந்தாவது மாதம், ஊர்த் தண்ணீர் நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிறவரை ஏட்டு பிடித்துக்கொண்டு வந்தார். மோட்டாருக்கான டீசலில் கொஞ்சம் திருடியிருக்கிறார். சாதாரணத் திருட்டு. மறுநாள் பாட்டு வகுப்பில் ஆஜர்படுத்த வேண்டியது. ஆனால் அந்த டீசல் படை கொடுத்த டீசல்.

மதியம் மூன்று மணிக்கு படையின் கேப்டன் வந்தார். இளம் வயது, நல்ல ஆங்கிலம். எனக்கு சல்யூட் வைத்தார். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, மோட்டார்க்காரரைத் தங்கள் முகாமுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றும், படையின் எரிபொருளில் கைவைத்தது பாதுகாப்புப் பிரச்சினை என்றும் சொன்னார். ஒருவரை ஒப்படைக்க வேண்டுமானால் ஒரு தாள் உண்டு. கொடுப்பவர், வாங்குபவர், சாட்சியாக எங்களைப் போன்ற கண்காணிப்பாளர் என்று மூன்று பேர் கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி. கோர்ட் உத்தரவு இல்லாமல் நான் கையெழுத்திடக் கூடாது என்பது விதி. ஆனால் 'பாதுகாப்பு அவசரம்' என்றால் விலக்கு உண்டு. அது அவசரமா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவள் நான்.

ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டையின் மேல் இருந்தது. நான் முடியாது என்று சொன்னால் தானும் சொல்லலாம் என்று அவர் காத்திருந்ததை இப்போது புரிந்துகொள்கிறேன். அன்று புரியவில்லை. ஒரு திருட்டு கேஸுக்காகப் படையோடு மல்லுக்கு நிற்பதா, அவரை நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அந்த அளவுகூட யோசிக்கவில்லை. கேப்டன் பேனாவைத் திறந்து நீட்டினார், ஏட்டு சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டேன். மோட்டார்க்காரர் ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பாய் அன்று பக்கத்தில் இல்லை. என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தார். முகாமுக்குப் போகச் சொன்னோம். அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம். ஏதோ தப்பு நேர்ந்திருக்கும் என்று நானும் பாயும் போனோம். எங்களுக்கும் அதே பதில். ஸ்டேஷனுக்கு வந்து பதிவேட்டைப் பார்த்தேன். மோட்டார்க்காரரை எச்சரித்து விடுதலை செய்ததாக ஏட்டின் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஏட்டு தலைகுனிந்து நின்றார். காலையில் முகாமிலிருந்து ஆள் வந்து, எழுதவைத்து, ஸ்டேஷன் பிரதியையும் வாங்கிப் போய்விட்டதாகப் பாயிடம் மெதுவாகச் சொன்னார்.

அதாவது, போலீஸ் விடுதலை செய்த ஒரு மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. படை அவரைப் பார்க்கவே இல்லை. இதுதான் இனிமேல் கதை. அது பொய் என்று காட்ட உலகத்தில் மிச்சமிருந்தது என் சட்டைப் பையில் மடித்திருந்த தாள் ஒன்றுதான்.

அன்று மாலையே கேப்டன் என்னைத் தேடி வந்தார். அதே சல்யூட், அதே சிரிப்பு. அந்தத் தாளில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டுமாம், ஒரு மணி நேரத்தில் திருப்பித் தந்துவிடுவாராம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர் போனதும் தாளை எடுத்து நகல் எடுத்துக்கொண்டேன்.

மோட்டார்க்காரரின் மனைவி நீதிபதியம்மாவிடம் மனு கொடுத்திருந்தார். கோர்ட்டிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. கண்காணிப்பாளர்களைச் சாட்சிக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. அது நீதிபதிக்கும் தெரியும். வர விருப்பமா என்று மட்டும் கேட்டிருந்தார். எங்கள் குழுத் தலைவர் வேறொரு நாட்டுக்காரர், நல்ல மனிதர். நாம் எந்தப் பக்கமும் சேரக் கூடாது, அறிக்கை எழுது, அது மேலே போகட்டும் என்றார். அறிக்கை மேலே போய்க் கீழே வர ஒரு மாதம் ஆகும் என்றேன். கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பணியில் உன்னை வைத்திருக்க என்னால் முடியாது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். போகாதே என்று யாராவது சொன்னால் தேவலாம் என்றிருந்தது. என் வீட்டுக்காரர் வேர்க்கடலை காயவைத்த களத்தில் இருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள், "மழ வர்ற மாதிரி இருக்குது, மல்லாட்டைய அள்ளிக்கினு இருக்கிறோம், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. எனக்காக முடிவெடுக்க யாரும் வரப்போவதில்லை.

பாயிடம் கேட்டேன், என்னோடு வந்து மொழிபெயர்ப்பாரா என்று. அவர் அந்த ஊரிலேயே பிழைக்கிறவர். எனக்காவது திரும்பிப் போக ஊர் இருக்கிறது. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"பேஜாரு புடிச்ச வேலதான் மேடம். ஆனா அந்தப் பொம்பள நேத்து கேட்டுது, 'உங்க மேடம் அவர உசுரோட பாத்தாங்களா'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். சொன்ன வாயி, கோர்ட்டுலயும் சொல்லிட்டுப் போவுது."

மறுநாள் காலை பாட்டு வகுப்பு நிறைந்திருந்தது. நானும் குழந்தைகள் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். கூப்பிட்டதும் தாளை எடுத்துக் கொடுத்தேன். நீதிபதியம்மா அதை இரண்டு முறை படித்தார். யாரை ஒப்படைத்தீர்கள், யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எந்தக் கோர்ட் உத்தரவின் பேரில் என்று கேட்டார். உத்தரவு இல்லை என்றேன். பாதுகாப்பு அவசரம் ஏதாவது தெரிந்ததா என்றார். தெரியவில்லை என்றேன். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார்.

வழியெல்லாம் வேறு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அவர் மரியாதையாகக் கேட்டார்."

பாய் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நீதிபதியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுப் பேசினார். பாய் வரிக்கு வரி சொன்னார்:

"மேல கொடிதான் மாறிக்கீது, சட்டம் அப்பிடியேதான் கீதுன்றாங்க. திருடினவன விசாரிக்க இந்தக் கோர்ட்டு கீது. அவன ஆபத்தானவன்னு மிலிட்டிரி புடிச்சி வெச்சாலும், பேர எழுதி, ஊட்டுக்குச் சொல்லி, இன்னா காரணம்னு சொல்லித்தான் வெக்கணும். ஒளிச்சி வெக்க ஒருத்தருக்கும் ரைட்டு கெடையாதாம். நீங்க தப்பு பண்ணீங்களாம் மேடம். வந்து சொன்னீங்கோ, அத்தையும் எழுதிக்கினாங்களாம்."

இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். அந்த மாதிரி ஒரு திட்டு அதுவரை வாங்கியதில்லை. வலித்தது, ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்த மாதிரியும் இருந்தது.

மோட்டார்க்காரரை மறுநாள் ஆஜர்படுத்த வேண்டும் என்று படைக்கு உத்தரவு எழுதினார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார். முகாம் வாசலில் யாரும் அதைக் கையில் வாங்கவில்லை. திரும்பி வந்தார்.

மறுநாள் காலை நீதிபதியம்மா தானே கிளம்பிவிட்டார். முன்னால் அவர், பக்கத்தில் ஏட்டு, பின்னால் மோட்டார்க்காரரின் மனைவி. என்னை மூட்டை கட்டச் சொல்லியாகிவிட்டது, அதனால் நான் யூனிஃபார்ம் போடாமல் சேலையில் போனேன். பாயும் வந்தார். வாசலில் நிழலே கிடையாது. கேப்டன் வந்து, அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நாற்காலி வேண்டாம், உத்தரவை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். கேப்டன் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

பதினொரு மணி வாக்கில் வேறொரு அதிகாரி வந்தார். படையில் சட்டம் பார்க்கிறவர் என்றார் பாய். அவர் உத்தரவைக் கையில் வாங்கிப் படித்தார். பிறகு என் தாளின் நகலையும், கோர்ட்டில் நான் சொன்னதையும் படித்தார். கேப்டனின் கையெழுத்து இருந்த இடத்தில் அவர் கண் நின்றது. தாள்களோடு உள்ளே போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சட்டம் படித்த ஒருவர் அந்த முகாமிலும் இருந்தார், அவ்வளவுதான் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, மோட்டார்க்காரரை நடத்திக் கூட்டிவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் நடந்து வந்தார்.

இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு மறக்க முடியாதது அடுத்த வாரம், ஊர் திரும்பும் விமானத்துக்காக நான் காத்திருந்தபோது நடந்தது. அதே பாட்டு வகுப்பில் டீசல் திருட்டு விசாரணைக்கு வந்தது. அவர் திருடியது உண்மைதான். தம்பியின் மீன்பிடி படகுக்காக எடுத்ததாக ஒப்புக்கொண்டார். முகாமில் அடிபட்டது தனி வழக்கு, அதைத் தனியாக விசாரிப்பேன், ஆனால் திருட்டு திருட்டுதான் என்று சொல்லி, நீதிபதியம்மா ஊர்ச் சிறையில் இரண்டு மாதம் தண்டனை கொடுத்தார். தீர்ப்பு கேட்டதும் அவர் மனைவி வாய்விட்டு அழுதார். பிறகு சுற்றி இருந்த பெண்களைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எங்கே இருக்கிறார், எத்தனை நாள் இருப்பார், என்றைக்கு வருவார் என்பது தெரிந்துவிட்டது அல்லவா. தண்டனை கேட்டு ஒரு குடும்பம் சந்தோஷப்பட்டதை என் சர்வீஸில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முன் நீதிபதியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். டீ கொடுத்தார். உங்கள் ஊரில் போலீஸ் ஒருவரைக் கூட்டிப்போனால் வீட்டுக்காரர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று விசாரித்தார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், அதனால் கேட்க இடமிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். எப்போதும் அப்படி நடக்கிறதா என்று கேட்டார். பாய் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டார். பெரும்பாலும் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அப்ப ஜல்தியா ஊருக்குப் போங்க, அங்கயும் வேல கீதுன்றாங்க மேடம்."

பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவள் என்பதால் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றிப் புலம்பிய நாட்களும் உண்டு. ஆறு வருடம் கழித்து இந்த மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் ஆய்வாளராக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். ஒரு மதியம், என்னைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் காரில் வந்து, லாக்கப்பில் இருந்தவரைக் கொஞ்சம் விசாரித்துவிட்டு அனுப்புவதாகக் கேட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, பொது டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் பெயரையும் நேரத்தையும் கேட்டேன். எழுத வேண்டியதில்லை என்றார்.

"எழுதாம குடுக்க எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன்.

பாதி டீ குடித்தார். வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார். அவர் நல்லெண்ணத்தோடுகூட வந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது என் வேலையில்லை. மறுநாள் காலை அந்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்தினேன், என் வேலை அத்தோடு முடிந்தது.

கண்டாச்சிபுரத்துப் பெண்ணே, யாரும் சத்தம் போட்டுக் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார்கள், பேனாவைத் திறந்து நீட்டுவார்கள். அந்த நேரத்தில் உன் பக்கத்தில் ஒரு ஏட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்.

சுல்தான் பாய் இப்போது ஊரோடு வந்து, கோட்டக்குப்பத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். தை மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாகப் போனை எடுத்து அந்த ஊருக்கு வீடியோவில் அழைத்துவிட்டார். தலை முழுக்க நரைத்த ஒருவர் வந்தார். மோட்டார்க்காரர். இன்னும் அதே தண்ணீர் நிலையத்தில்தான் வேலை. படை இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். நான் திரும்பி வந்த மறு வருடமே நீதிபதியம்மாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அவர் வீட்டில் காலையில் மனு எழுதிக்கொள்ள வருகிறவர்கள் வரிசை தெரு வரைக்கும் நிற்கிறதாம்.

தன்னால்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்களா என்று மோட்டார்க்காரர் கேட்டார். இல்லை, என் பணிக்காலம் முடிந்துவிட்டது என்றேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே மொழிபெயர்த்தார். அந்த மனிதர் சிரித்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். பாய் ஒரு ஆரஞ்சை எடுத்துத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"அந்தத் தாள்ல நீங்க அவரு பேர காதால கேட்டு எழுதுனீங்களாம் மேடம், ஒரு எழுத்து தப்பாப் பூடுச்சாம். கோர்ட்டு ரெக்கார்டுலயும் அதே தப்போட ஏறிடுச்சாம். அப்பறமா மாத்திக்கிறியான்னு கோர்ட்டுல கேட்டாங்களாம். வேணாம்னுட்டாராம். இப்ப வாசல்ல பேர்ப்பலகையிலயும் நீங்க எழுதின மாதிரியேதான் எழுதி வெச்சிக்கினு கீறாராம்."